சதுரக் கட்டுப் பேலர்: ஒரு குத்தில் நடப்பது என்ன, ஓட்டுவது எப்படி

பேலர் மக்கர் செய்கிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "நாட்டர் முடிச்சுப் போட மாட்டேங்குது." நாட்டர் என்பது கட்டைச் சுற்றிய கயிற்றில் முடிச்சுப் போடுகிற பாகம். போய்ப் பார்த்தால் கோளாறு வேறெங்காவது இருக்கும். புல் ஈரமாக இருக்கும், கத்தி மழுங்கியிருக்கும், அடர்த்திக் கைப்பிடியைக் காலையில் வைத்த இடத்திலேயே மதியமும் விட்டிருப்பார்கள். நாட்டர் கடைசியில் வருகிற ஆள். அதற்கு முன்னால் உள்ளவர்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்து முடித்திருந்தால்தான் அதற்கு முடிச்சு விழும். அதனால் புல் எந்த வழியாக உள்ளே போகிறதோ அதே வழியில் நாமும் போய்ப் பார்க்கலாம். நான் சொல்வது டிராக்டர் பின்னால் இழுத்துப் போகிற, காய்ந்த புல்லை வாரி அழுத்தி, ஒவ்வொரு கட்டையும் இரண்டு கயிற்றால் கட்டுகிற சின்னச் சதுரப் பேலரை.

முதலில் புல். சின்னக் கட்டுக்கு ஈரம் 18 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். தண்டு சடசடவென்று ஒடிந்தால் கட்டலாம். ஒடியாமல் வளைந்து கொடுத்தால் இன்னும் காய வேண்டும். இலையை மட்டும் தொட்டு ஏமாறாதீர்கள். இலை சருகாகியிருக்கும்போதும் கணுவில் ஈரம் நிற்கும். கணுவை நகத்தால் கீறினால் தெரிந்துவிடும். இன்னும் சந்தேகம் இருந்தால், மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் நறுக்கிய புல்லையும் கொஞ்சம் உலர்ந்த உப்பையும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்பு கட்டி தட்டினால் புல் ஈரம். பயறுவகைத் தீவனத்தில் சிக்கல் தலைகீழ். ரொம்பக் காய்ந்துவிட்டால் இலையெல்லாம், தரையிலிருந்து புல்லை வாரி எடுக்கிற பிக்கப்பிலேயே உதிர்ந்து, கட்டில் வெறும் குச்சிதான் மிஞ்சும். அதை இலேசான பனி இருக்கிற நேரமாகப் பார்த்துக் கட்ட வேண்டும்.

அடுத்தது, புல்லை வாரி வைத்திருக்கும் வரிசை. வரிசை ஒரே கனமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓரிடத்தில் குவியல், ஓரிடத்தில் வெறுந்தரை என்று இருந்தால் எவ்வளவு நல்ல பேலரும் கோணல் கட்டுத்தான் தள்ளும். பிக்கப்பின் ஸ்பிரிங் பற்கள் தரையைத் தொடாமல், அடிக்கட்டைக்கு மேலே புல்லைத் தூக்குகிற உயரத்தில் நிற்க வேண்டும். தரையைக் கீறினால் மண்ணும் கல்லும் உள்ளே போகும். மண் மாட்டின் வயிற்றுக்குக் கெடுதல், கல் கத்திக்குக் கெடுதல்.

இப்போது குத்துக்கு வருவோம். பேலரின் இதயம் பிளஞ்சர், அதாவது முன்னும் பின்னும் போய்ப் புல்லை அழுத்துகிற பாகம். அது ஒரு தடவை வந்து அழுத்துவதுதான் ஒரு குத்து. டிராக்டரின் பிடிஓ (பின்னால் இழுக்கும் கருவிக்குச் சுழற்சியைக் கொடுக்கும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். அது ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தைச் சுழற்றும், அங்கிருந்து கியர்பாக்ஸ் வழியாக வேகம் குறைந்து கிராங்க்குக்குப் போகும். கிராங்க் கனெக்டிங் ராடைத் தள்ள, பிளஞ்சர் நிமிடத்துக்கு 80 முதல் 100 தடவை முன்னும் பின்னும் போகும். 80 குத்துப் போடுகிற பேலரில் ஒரு குத்துக்கு முக்கால் விநாடி. அதற்குள் நடப்பதைப் பாருங்கள். பிளஞ்சர் பின்வாங்கியதும் பக்கத்து வாசல் திறக்கும். ஃபீடர் விரல்கள் ஒரு வாய் புல்லை, கட்டு உருவாகிற அறைக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடும். பிளஞ்சர் முன்னால் வரும்போது அதன் ஓரத்தில் உள்ள கத்தி, அறை ஓரத்தில் நிலையாக இருக்கும் கத்தியோடு உரசி, வாசலில் தொங்கும் புல்லைக் கத்தரித்துவிடும். பிறகு உள்ளே விழுந்ததை ஏற்கெனவே இருக்கும் புல்லோடு சேர்த்து அழுத்தும். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தட்டு. கட்டைப் பிரித்தால் அது தட்டுத் தட்டாக உதிர்வது இதனால்தான்.

அழுத்திய புல் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரப் பார்க்கும். அதைத் தடுக்க அறைச் சுவரில் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னப் பிடிப்புகள் உண்டு. பிளஞ்சர் போகும்போது உள்ளே மடங்கி, அது திரும்பியதும் வெளியே குதித்துப் புல்லைப் பிடித்துக்கொள்ளும். துருவும் தூசியும் சேர்ந்து இவை சிக்கிக்கொண்டால் புல் பின்னால் வழிந்து, கயிற்றைக் கொண்டுவருகிற ஊசியின் பாதையை அடைக்கும். ஆட்கள் அதற்கு நாட்டரைத் திட்டுவார்கள். விரலால் அமுக்கிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. பேலர் நின்றிருக்கும்போது மட்டும்தான் விரல்.

கத்தி இடைவெளி பல மாடல்களில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். கத்தி மழுங்கியதைக் கண்டுபிடிக்கக் கையேடு தேவையில்லை, கட்டின் பக்கத்தைப் பார்த்தால் போதும். வெட்டுப் பக்கம் வழவழவென்று ஒரே சீராக இருந்தால் கத்தி நல்லது. தாடி முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் கத்தி வெட்டவில்லை, பிய்க்கிறது. பிய்க்கும்போது ஒவ்வொரு குத்துக்கும் டிராக்டர் குலுங்கும், டீசல் அதிகம் குடிக்கும், ஃப்ளைவீல் போல்ட் அடிக்கடி அறும்.

அந்த போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஃப்ளைவீலையும் கியர்பாக்ஸ் தண்டையும் சேர்ப்பது ஷியர் போல்ட். கல்லோ கட்டையோ மாட்டி பிளஞ்சர் நின்றாலும் ஃப்ளைவீல் நிற்காது, அவ்வளவு வேகம் அதில் சேர்ந்திருக்கும். அந்த வேகம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும், போல்ட்டை அறுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி அறுகிறது என்று கெட்டியான போல்ட்டை மாட்டினால் அடுத்த முறை கியர் பல்லோ கனெக்டிங் ராடோ போகும். கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன அளவில் மட்டும் வாங்கி, டப்பாவில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருங்கள். திரும்பத் திரும்ப அறுந்தால் கத்தியையும் வரிசையின் கனத்தையும் பாருங்கள்.

ஓட்டும் வேகத்துக்கு வருகிறேன். வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரைக் குறைக்காதீர்கள், கியரை மாற்றுங்கள். பிடிஓ 540-லேயே நிற்க வேண்டும். அது இறங்கினால் குத்தின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு குத்துக்கும் புல் அதிகம் சேரும், ஃப்ளைவீலில் தம் இருக்காது. சரியான வேகம் எது என்று கட்டே சொல்லும். 90 சென்டிமீட்டர் கட்டில் 12 முதல் 18 தட்டு இருந்தால் நன்றாக ஓட்டுகிறீர்கள். 8 தட்டு இருந்தால் ஓட்டம் அதிகம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கட்டின் நீளத்தை அளப்பது, நகரும் கட்டின் மேல் உருளும் ஒரு பல் சக்கரம். அது குறித்த அளவு சுற்றியதும் நாட்டரின் பூட்டை விடுவிக்கும், அடுத்த குத்தில் ஊசி எழும்பும். பாதித் தட்டில் கட்ட முடியாது. எனவே கட்டுக்குக் கட்டு நீளம் ஏறத்தாழ ஒரு தட்டு அளவுக்கு மாறும். தட்டு மெல்லியதாக இருந்தால் வித்தியாசமும் கொஞ்சமாக இருக்கும். அடுக்கும்போது அந்த அருமை தெரியும்.

கட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தால் புல் அறையின் அகலம் முழுக்கச் சமமாகப் போகவில்லை என்று அர்த்தம். கெட்டியான பக்கம் விரிந்து நீளும், லேசான பக்கம் உள்பக்கமாக வளையும். புல் லேசாக இருக்கும்போது ஃபீடர் விரல் அதை அறையின் அந்தக் கோடி வரை கொண்டுபோக வேண்டும். கனமான புல்லில் அவ்வளவு தூரம் வேண்டாம். விரலை மாற்றி வைக்கத் துளைகள் இருக்கும்.

அடர்த்தி சங்கதியில் பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். அறையின் வெளிவாசலை நெருக்குகிற தண்டவாளங்களை, கைப்பிடியும் ஸ்பிரிங்கும் அல்லது ஹைட்ராலிக் சிலிண்டரும் இறுக்கும். வாசல் குறுகக் குறுக, கட்டு வெளியே போக உராய்வு அதிகம், பிளஞ்சர் கூடுதலாக அழுத்த வேண்டும், கட்டு கெட்டியாகும். காலையில் இலேசான ஈரத்தோடு இருக்கிற புல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிறைய உராயும். அப்போது இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். வெயில் ஏற ஏறப் புல் வழுக்கும், அப்போது இறுக்க வேண்டும். ஈரப் புல்லைக் கெட்டியாகக் கட்ட வேண்டுமென்று இறுக்கினால் கட்டு பாறையாகிக் கயிறு அறும். வெறும் வைக்கோல் வழுக்குவதில் மன்னன். கைப்பிடி எவ்வளவு திருகினாலும் போதாது. அதற்கு அறைச் சுவரில் ஆப்புத் தகடுகள் பொருத்திக்கொள்ளலாம்.

எடைக்கு ஒரு கணக்கு: 36க்கு 46 சென்டிமீட்டர் அறையில் 90 சென்டிமீட்டர் கட்டு என்றால் கன அளவு 0.15 கன மீட்டர். கன மீட்டருக்கு 150 கிலோ வீதம் அழுத்தினால் 22 கிலோ சொச்சம். ஒரு ஆள் தூக்கி அடுக்க வசதியான எடை. கயிற்றுக்கு அடியில் விரல் ஒன்றிரண்டு நுழைகிற இறுக்கம் போதும்.

சரி, இப்போது நாட்டர். தொடும் முன்: பிடிஓவை நிறுத்துங்கள், என்ஜினை அணையுங்கள், சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஃப்ளைவீல் நிற்கும் வரை காத்திருங்கள். என்ஜின் நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பிக்கப்பில் அடைத்த புல்லை ஓடும்போது கையாலோ காலாலோ தள்ளுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். புல்லை இழுக்கிற வேகம், கையை விடுகிற வேகத்தைவிட அதிகம். பிடிஓ தண்டின் உறை கிழிந்திருந்தால் அன்று வேலை கிடையாது.

பிடிஓவைக் கழற்றிவிட்டு, பூட்டு நெம்புகோலைக் கையால் தூக்கி விடுங்கள். இரண்டு ஊசியிலும் கயிறு கோத்திருக்கட்டும். ஃப்ளைவீலை அது ஓடுகிற திசையில் மெல்லக் கையால் சுழற்றுங்கள். சுழற்றுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் ஒருவர் என்றால் பார்க்கிறவரின் கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

முதலில் ஊசி. பிளஞ்சர் புல்லை அழுத்திக்கொண்டிருக்கும்போது ஊசிகள் கீழிருந்து அறைக்குள் எழும்பும். பிளஞ்சர் முகத்தில் அவற்றுக்கென்று பள்ளம் உண்டு. ஊசி நுனி அந்தப் பள்ளத்துக்குள், பிளஞ்சர் முகத்துக்குப் பின்னால் மறைந்தபடி வர வேண்டும். அப்போதுதான் புல் அதன் மேல் மோதாது. இந்த நேரக் கணக்கு தவறினால் ஊசி உடையும். அதற்கு ஒரு காவலும் வைத்திருக்கிறார்கள். ஊசி அறைக்குள் இருக்கும்வரை ஒரு தாழ்ப்பாளும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஊசி ஏதோ காரணத்தால் உள்ளேயே நின்றுவிட்டால், பிளஞ்சர் திரும்பி வரும்போது முதலில் தாழ்ப்பாளில் முட்டும், ஃப்ளைவீல் போல்ட் அறும், ஊசி பிழைக்கும். அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையாமல் இருக்கிறதா என்று வருடா வருடம் பாருங்கள். ஊசி கீழே இருக்கும்போது அது நழுவி ஏறாமலிருக்க ஒரு உராய்வு பிரேக்கும் இருக்கும். அதன் மேல் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது.

ஊசி மேலே வந்ததும் நாட்டரைக் கவனியுங்கள். போன கட்டு முடிந்தபோதே கயிற்றின் ஒரு முனை கயிற்றுத் தட்டின் பள்ளத்தில் பிடிபட்டிருக்கிறது (இது புல் தட்டு அல்ல, கயிற்றைப் பிடித்து வைக்கிற சுழல் வட்டு; இனி நாட்டரில் தட்டு என்றால் இதுதான்). அங்கிருந்து கயிறு கட்டின் பின்னால் சுற்றி வந்திருக்கிறது. ஊசி இப்போது மறுபக்கக் கயிற்றைக் கொண்டுவந்து அதே தட்டின் அடுத்த பள்ளத்தில் வைக்கும். தட்டு கொஞ்சம் சுழன்று அதையும் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு இழையும் பக்கத்துப் பக்கத்தில் பில்ஹுக்கின் மேல் கிடக்கும். பில்ஹுக் என்பது பறவை அலகு போல மேல் தாடை, கீழ் தாடை உள்ள, கட்டை விரல் கனமுள்ள கொக்கி. அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்; இரண்டு இழையும் அதன் கழுத்தில் ஒரு வளையமாக விழும். சுற்று முடிகிற நேரத்தில் வாய் திறந்து, இரண்டு இழையையும் கவ்வி மூடும். உடனே கத்தி தட்டுக்கும் கொக்கிக்கும் நடுவில் வெட்டும். கத்தியோடு சேர்ந்து வரும் வழிப்புக் கை, கழுத்தில் கிடக்கும் வளையத்தைக் கொக்கியின் மூக்குக்கு மேலாக வழித்துத் தள்ளும். வாய்க்குள் கவ்விய முனைகள் வளையத்துக்குள் இழுபட்டு முடிச்சு இறுகும். ஊசி கொண்டுவந்த கயிறு தட்டிலேயே தங்கி அடுத்த கட்டுக்கு ஆரம்பமாகும். ஊசி இறங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை 1870-களின் கடைசியில் ஜான் ஆப்பிள்பி என்ற அமெரிக்கர் கதிர்க்கட்டும் இயந்திரத்துக்குச் செய்தது. ஓடும் பேலரில் தானாக முடிச்சுப் போடும் வசதி அதன்பிறகு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பரவியது. அதுவரை பேலரின் இரு பக்கமும் ஆள் உட்கார்ந்து, தூசியைத் தின்றுகொண்டு கையால் கம்பி கோத்தார்கள்.

முடிச்சு தவறினால் அறுந்த கயிற்றைத் தூக்கி எறியாதீர்கள், அதில்தான் விடை இருக்கிறது. ஒரு இழையில் மட்டும் முடிச்சு, ஊசிப் பக்கத்து இழையில் ஒன்றும் இல்லை என்றால், ஊசி கயிற்றைத் தட்டில் சரியாகக் கொண்டுபோய் வைக்கவில்லை. ஊசியின் இடத்தையும், கயிற்றை நகர்த்திக் கொடுக்கும் விரலையும், பெட்டியிலிருந்து வரும் கயிறு தொளதொளவென்று வருகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு முனை நசுங்கிப் பிசிறாக, தட்டிலிருந்து உருவிக்கொண்ட மாதிரி இருந்தால் தட்டின் பிடி தளர்வு. கயிறு தட்டின் ஓரத்தில் நறுக்கின மாதிரி அறுந்திருந்தால் பிடி அதிகம், இல்லாவிட்டால் கட்டே அளவுக்கு மீறி கெட்டி. முடிச்சு விழுந்து கொக்கியிலேயே மாட்டிக்கொண்டு அறுந்தால் கொக்கி துருப்பிடித்திருக்கிறது, அல்லது வழிப்புக் கை கொக்கியை உரசாமல் போகிறது, அல்லது நாக்கின் (கொக்கியின் திறந்து மூடும் தாடை) ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம். முடிச்சு முழுமையாக இழுபடாமல் அவிழ்ந்தால் அதே நாக்கு ரொம்பத் தளர்வு. துருவை மெல்லிய எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்தாலே பல நாட்டர்கள் வாய் பேசாமல் வேலை செய்யத் தொடங்கும்.

திருகும்போது ஒரு சமயத்தில் ஒரே ஒரு திருகாணி, கால் சுற்று. பழைய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பத்துக் கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்தது. நான்கை ஒன்றாகத் திருகி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் கூலி கொஞ்சம் அதிகமாகக் கேட்கலாமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இன்னொன்று, பேலரில் இரண்டு நாட்டர் இருக்கின்றன. இரண்டுமே ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். கையேடு தொலைந்துவிட்டதா? நன்றாக ஓடுகிறதைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனதைச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஒரே நாளில் தவற ஆரம்பித்தால் கோளாறு நாட்டரில் இல்லை, கயிற்றிலோ புல்லிலோ அடர்த்தியிலோ இருக்கிறது.

கயிறு பற்றிச் சுருக்கமாக: உருண்டையின் நடுவிலிருந்து உருவ வேண்டும். ஒன்றின் கடைசியை அடுத்ததன் ஆரம்பத்தோடு சின்ன முடிச்சால் சேர்த்து, வால்களை ஒட்ட நறுக்கிவிடுங்கள். பெரிய முடிச்சு ஊசிக் கண்ணில் மாட்டும். சணலிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறினால் தட்டின் பிடியையும் மறுபடி பார்க்க வேண்டும், இரண்டின் கனமும் வழுக்கலும் வேறு. தீவனம் போடும்போது பிளாஸ்டிக் கயிற்றை ஒன்று விடாமல் எண்ணி எடுங்கள்.

கட்டி முடித்த பிறகும் கண் வைத்திருக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கிய கட்டு உள்ளுக்குள் சூடாகும். முதல் இரண்டு மூன்று வாரம்தான் ஆபத்து. நீளமான வெப்பமானிக் குச்சியை அடுக்கின் நடுவில் செருகிப் பாருங்கள். 55 டிகிரி செல்சியஸ் வந்தால் தினமும் பார்க்க வேண்டும். 65 தாண்டினால் விளையாட்டு இல்லை, நாளுக்குப் பலமுறை பாருங்கள். 80-ஐ நெருங்கினால் நீங்களாகப் பிரிக்காதீர்கள். பிரித்தவுடன் காற்றுப் பட்டுத் தீ பிடிக்கும், தீயணைப்பு வண்டி வந்து நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். அந்த அடுக்கின் மேல் ஏறி நடக்கவும் கூடாது, உள்ளே எரிந்து பள்ளமாகியிருக்கலாம்.

பருவம் முடிந்து பேலரைக் கொட்டகையில் விடும்போது அடர்த்திக் கைப்பிடியை முழுக்கத் தளர்த்தி, அறையில் கிடக்கும் கடைசிக் கட்டை வெளியே இழுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் புல் ஈரத்தை இழுத்து, பளபளப்பாக இருந்த சுவரைத் துருவாக்கும். அடுத்த பருவத்தில் முதல் கட்டுகள் ஒவ்வொன்றும் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். நாட்டரின் மேல் படிந்த தூளைக் காற்றால் ஊதி, கொக்கிக்கும் கத்திக்கும் இலேசாக எண்ணெய் தடவுங்கள். கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். கயிற்று உருண்டைகளைப் பெட்டியில் விட்டுவிடாமல் எடுத்து எலி ஏறாத இடத்தில் வையுங்கள்.